தீனித்தட்டுக்கு வந்த வெள்ளைத்தலைப் பறவை எது?

ஆறு நாட்களாக உங்கள் தோட்டத்துத் தீனித்தட்டுக்கு ஒரு புதிய பறவை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிட்டுக்குருவி அளவு, தலையும் கழுத்தும் வெள்ளை, முதுகு பழுப்பு. சிட்டுக்குருவிக் கூட்டத்தோடு வந்து, தானியம் கொத்தி, அவற்றோடு சேர்ந்தே பறந்துவிடுகிறது. கைபேசிச் செயலி அதை ஸ்னோ பண்டிங் என்கிறது. நண்பர் அல்பினோ என்கிறார். வீட்டில் இருப்பவர்களோ யாருடைய கூண்டிலிருந்தோ தப்பி வந்தது என்கிறார்கள். மூவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. கூடவே, கடைசி வரியில், "இனி இப்படி ஒன்று வந்தால் நானே எப்படி உறுதி செய்வது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இரண்டு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

பறவைகளைப் பிடித்து, அளந்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுவிக்கும் குழுக்களோடு 22 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். பொதுமக்கள் அனுப்பும் தோட்டப் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் பணியும் அதே காலம் முழுவதும் உடன் வந்தது. பறவையைக் கையில் வைத்து இறகு இறகாகப் பார்த்தவர்களுக்கு ஒன்று மனத்தில் பதிந்துவிடும்: தொலைவில் முதலில் கண்ணைப் பறிப்பது நிறம், அடையாளம் காண்பதில் அதிகம் ஏமாற்றுவதும் அதே நிறம்.

நீங்கள் இணைத்திருக்கும் இரண்டு படங்களும் மங்கல்தான். ஆனாலும் சில செய்திகள் தெளிவாகவே தெரிகின்றன. அலகு குட்டையாக, தடித்து, கூம்பு வடிவில் இருக்கிறது. முதுகில் பழுப்பின் மேல் கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இறக்கையின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைப் பட்டை. மார்பில், வெள்ளை இறகுகள் முடியும் இடத்தில், கறுப்புத் திட்டின் மிச்சம் எட்டிப் பார்க்கிறது. ஆண் சிட்டுக்குருவியின் உடை இதுதான். தலை மட்டும் வெளுத்துவிட்டது. இதைப் போன்ற முதுகும் மார்புத்திட்டும் கொண்ட நெருங்கிய உறவினங்கள் சில உண்டு. அவற்றைப் பிரித்தறிய உதவும் தலை நிறங்கள் இந்தப் பறவையில் இல்லை. ஆகவே படத்தை மட்டும் வைத்து "நூற்றுக்கு நூறு" என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடன் வரும் கூட்டம் முழுவதும் சாதாரணச் சிட்டுக்குருவி, இதுவும் அவற்றோடு வந்து அவற்றோடு போகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், சந்தேகத்துக்கு மிகச் சிறிய இடமே மிஞ்சுகிறது.

ஸ்னோ பண்டிங் ஏன் இல்லை? அது ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டி, குளிர்காலத்தில் சற்றுத் தெற்கே இறங்கித் திறந்த வயல்களிலும் கடற்கரைகளிலும் திரியும் பறவை. இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குத் தலையும் அடிப்பக்கமும் வெள்ளை. செயலி தடுமாறியது அதனால்தான். ஆனால் அந்த ஆணுக்கு முதுகு கறுப்பு. இறக்கையில் பறக்கும்போது பளிச்சிடும் அகன்ற வெள்ளைப் பரப்பு இருக்கும். உங்கள் படத்தில் அது இல்லை. எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. ஸ்னோ பண்டிங் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கும், ஓடும். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். நாளை அது தரையில் இறங்கும்போது கால்களை மட்டும் பாருங்கள். ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

நண்பர் சொன்ன அல்பினோவுக்கு வருகிறேன். இந்தச் சொல் வெள்ளை இறகு தெரிந்தாலே பயன்படுத்தப்படுகிறது. எனக்கு அது வருத்தம் தரும் பழக்கம். கறுப்பு, சாம்பல், பழுப்பு நிறங்களைத் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உருவாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாவிட்டால் உடலில் எங்குமே மெலனின் உருவாகாது, கண்ணிலும் உருவாகாது. அதனால் கண்ணுக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களின் சிவப்பு வெளியே தெரியும். அதுதான் அல்பினோ. பாதி உடல் பழுப்பாக இருக்கும் அல்பினோ என்று ஒன்று இருக்கவே முடியாது. உங்கள் பறவையின் முதுகு பழுப்பு, கண் கறுப்பு. வளர்ந்த அல்பினோப் பறவைகளை வெளியில் காண்பது அரிது. மெலனின் இல்லாத கண்ணுக்குப் பார்வை மோசம். பெரும்பாலானவை கூட்டைவிட்டு வெளியே வந்த சில நாட்களிலேயே மடிந்துவிடுகின்றன.

அப்படியானால் இந்த வெண்மைக்கு என்ன பெயர்? உறுதியிலிருந்து ஐயத்துக்குள் நுழையும் இடம் இது. இரண்டு வாய்ப்புகள் உள்ளன. முதலாவது லூசிசம். கருவில் வளரும்போது நிறமியை உருவாக்கும் செல்கள் தோலின் சில பகுதிகளுக்குப் போய்ச் சேராததால், அந்த இடங்களில் பிறப்பிலிருந்தே இறகு வெள்ளையாக முளைக்கும். பெரும்பாலும் முகம், இறக்கை நுனி, வயிறு ஆகிய ஓரப் பகுதிகளில் காணப்படும். ஓரளவு இருபுறமும் ஒத்திருக்கும். வயது ஏறினாலும் மாறாது. இரண்டாவது, படிப்படியாக வெளுத்தல். பறவை இயல்பான நிறத்தில் பிறந்து, பின்னர் நிறமிச் செல்களை இழந்து, ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். பிரிட்டனில் ட்ரிங் என்னும் இடத்தில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்புக் காப்பாளர் ஹெய்ன் வான் க்ரோ இந்தப் பிறழ்வுகளை வகைப்படுத்துவதில் நெடுங்காலம் உழைத்தவர். லூசிசம் என்று மக்கள் அழைக்கும் பல பறவைகள் உண்மையில் படிப்படியாக வெளுத்தவை என்பது அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் செய்தி. ஒரே நாளில் எடுத்த படம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. காலம்தான் காட்டும். அதை எப்படிச் செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

வெண்மைக்கு மூன்றாவது காரணமும் உண்டு. உங்கள் பறவைக்கு அது பொருந்தாவிட்டாலும் காகங்களைப் பார்ப்பவர்களுக்குப் பயன்படும். இறகு வளரும் நாட்களில் ஊட்டம் குறைந்தால் நிறமி சரியாகப் படியாமல் இறக்கை இறகுகளில் வெளிறிய பட்டைகள் விழும். காக இனங்களில் இது அடிக்கடி தென்படுகிறது. அடுத்த முறை நல்ல உணவோடு இறகு முளைத்தால் பழைய கறுப்பு திரும்பிவிடும். அதைக் கண்டு புதிய இனம் என்று மகிழ்ந்து எழுதியவர்கள் பலருக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன்.

நிறம் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு இன்னும் சில உண்மை நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். சிவப்பும் மஞ்சளும் பல பறவைகளுக்கு உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருகின்றன. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அலபாஸ்டர் என்ற ஊரில் ஒரு வீட்டுத் தீனித்தட்டுக்கு மஞ்சள் கார்டினல் ஒன்று வந்தது. கார்டினல் ஆண் பறவை செக்கச்செவேல் என்று இருக்கும். உணவில் உள்ள மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் உடல் வேதியியலில் பழுது நேர்ந்தால் மஞ்சளாகவே நின்றுவிடும். கொண்டை, தடித்த அலகு, முகத்தின் கறுப்பு எல்லாம் அப்படியே இருந்ததால் அதன் இனத்தில் யாருக்கும் ஐயம் வரவில்லை. இதற்கு நேர்மாறானது சீடார் வேக்ஸ்விங் பறவையின் கதை. அதன் வால் நுனி மஞ்சளாக இருக்க வேண்டும். வட அமெரிக்காவின் வடகிழக்கில் 1960-களிலிருந்து ஆரஞ்சு நுனி வால்கள் காணப்பட்டன. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒருவகை ஹனிசக்கிள் செடியின் பழத்தில் இருந்த சிவப்பு நிறமிதான் காரணம். வால் இறகு முளைக்கும் நாட்களில் அந்தப் பழத்தைத் தின்ற பறவைக்கு நுனி ஆரஞ்சாகிவிடுகிறது. 2019-இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ஒரு கார்டினல், உடலின் நடுவே கோடு கிழித்ததுபோல ஒரு பாதி ஆணின் சிவப்பாகவும் மறுபாதி பெண்ணின் பழுப்பாகவும் தீனித்தட்டுக்கு வந்தது. ஆண் செல்களும் பெண் செல்களும் ஒரே உடலில் அமைந்த பறவை அது. இவை எதிலும் உருவமும் அலகும் நடையும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இத்தகைய பிறழ்வுகள் அரிது. எனக்கு வரும் "விசித்திரப் பறவை"க் கேள்விகளில் மிகப் பெரும் பங்கு, நன்கு தெரிந்த பறவையின் தெரியாத வயது அல்லது தெரியாத பால். குயிலை எல்லோருக்கும் தெரியும். கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருக்கும் ஆண் குயிலைத்தான் தெரியும். உடல் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் உள்ள பழுப்புப் பெண் குயிலைப் பார்த்துப் பருந்தின் குஞ்சா என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். சிவப்புத் தோள் கரும்பறவை என்று சொல்லத்தக்க அமெரிக்கப் பறவை ஒன்றின் பெண்ணுக்குக் கறுப்பும் கிடையாது, சிவப்பும் கிடையாது. கோடுகள் நிறைந்த பெரிய குருவிபோல இருக்கும். எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. அறிவியலாளர்களே ஒரு காலத்தில் அவற்றை இரு வேறு இனங்கள் என்று எண்ணியிருந்தார்கள் என்றால், தோட்டத்தில் நின்று பார்ப்பவர் குழம்புவதில் குற்றமே இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. வளையமிடும் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கோடை முடியும் சமயம், ஒரு தோட்டத்தில் ஒரு பறவையைப் பார்த்தேன். உடல் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். தலையும் கழுத்தும் மட்டும் புள்ளியே இல்லாத சாம்பல் பழுப்பு. அன்று இரவு மூன்று பக்கம் குறிப்பு எழுதினேன். மறுநாள் எங்கள் குழுவின் மூத்தவரிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நிறத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அலகு எப்படி இருந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "தரையில் என்ன செய்துகொண்டிருந்தது?" என்றார். அதை நான் பார்த்திருந்தேன்: மூடிய அலகைப் புல்லுக்குள் நுழைத்து, உள்ளே வைத்தே திறந்து, பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஸ்டார்லிங்" என்றார். ஸ்டார்லிங் மைனாவின் உறவினம். இளம் ஸ்டார்லிங் முழுக்கச் சாம்பல் பழுப்பாக இருக்கும். அது முதல் முறை இறகு மாற்றும்போது உடலில் கறுப்புப் புள்ளி உடை முதலில் வந்துவிடும், தலை கடைசியில் மாறும். அந்தச் சில வாரங்கள் இரண்டு பறவைகளை ஒட்டவைத்ததுபோல இருக்கும். அலகைத் திறந்து மண்ணைப் பிளக்கும் அந்தப் பழக்கமோ அதன் மண்டையோட்டின் தசை அமைப்போடு பிணைந்தது. இறகு மாறினாலும் மாறாது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் நிறத்துக்கான இடம் பக்கத்தின் கீழ்ப்பாதியில்தான்.

இறகு உதிர்ப்பு வேறு வேடிக்கைகளையும் காட்டும். ப்ளூ ஜே, கார்டினல் போன்றவற்றில் சில பறவைகள் கோடை முடிவில் தலை இறகுகள் அனைத்தையும் ஒரே வேளையில் உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு வரும். சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும். இறகு உதிராமலேயே தோற்றம் மாறுவதும் உண்டு. ஆண் சிட்டுக்குருவிக்குப் புதிய இறகு முளைத்ததும் தொண்டையின் கறுப்பைச் சாம்பல் நுனிகள் மூடியிருக்கும். மாதங்கள் போகப் போக அந்த நுனிகள் தேய்ந்து, கறுப்பு முழுமையாக வெளியே வரும். ஒரே பறவையை ஆறு மாத இடைவெளியில் பார்த்தவர் வேறு பறவை என்று சத்தியம் செய்வார்.

ஒளியும் கறையும் செய்யும் குறும்புக்கு அளவில்லை. தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருபவை. நிழலில் அதே பறவை வெறும் கறுப்பு. பூவுக்குள் தலை நுழைக்கும் பறவைகளின் நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொண்டு மஞ்சள் பொட்டு வைத்ததுபோலத் தெரியும். ஓர் அடையாளம் ஐயமாகப் பட்டால், அது இறகின் ஓரத்தோடு நிற்கிறதா, இறகுகளைத் தாண்டி ஒழுங்கின்றிப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். கறை இறகின் எல்லையை மதிக்காது.

தோட்டத்தில் தீனி வைக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய காரணம் இன்னொன்று: நோய். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருக்கும் பறவை பெரிதாகவும் வட்டமாகவும், அதனால் புதிதாகவும் தெரியும். நீங்கள் அருகில் போனாலும் பறக்காத பறவையைச் சாதுவான கூண்டுப் பறவை என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் அதற்கு முடியவில்லை. 1994-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டதை முதலில் கவனித்தவர்கள் தீனித்தட்டு வைத்திருந்த பொதுமக்களே. கோழிகளைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் காட்டுப் பறவைக்குத் தாவியிருந்தது. பிரிட்டனில் 2005-இலிருந்து ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி கிரீன்ஃபிஞ்ச் பறவைகளைக் கொன்று குவித்து, எண்ணிக்கையைச் சரித்துவிட்டது. விழுங்கத் திணறுதல், அலகோரம் ஈரம் கசிதல் அதன் அறிகுறிகள். அலாஸ்காவில் 1990-களின் இறுதியிலிருந்து சிக்கடி பறவைகளின் அலகு வளைந்து நீண்டு வளர்வதைக் கண்டார்கள். பின்னர் ஒரு வைரஸோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது. இத்தகைய பறவை உங்கள் தட்டுக்கு வந்தால் அடையாளம் காண்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். தீனி வைப்பதை இரண்டு வாரமாவது நிறுத்தி, தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஒரே தட்டில் பல பறவைகள் வாய் வைப்பதால்தான் நோய் பரவுகிறது.

இவ்வளவு சொன்னதால், புதிய பறவை என்று ஒன்று வரவே வராது என்று எண்ணிவிடாதீர்கள். சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. மற்றபடி அது ஒரு சாதாரணக் குருவி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அதை எடுத்துப் போனார். மில்லர்ட் இழுப்பறைகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்னும் தனி இனம் என்று விளக்கினார். ஒரு பறவையியலாளரின் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அந்தத் திட்டைக் கறை என்றோ பிறழ்வு என்றோ ஒதுக்கியிருந்தால் தவறாகப் போயிருக்கும். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு தொகுப்பு இருந்ததால் விடை கிடைத்தது. உங்களுக்கு அந்தத் தொகுப்பு, நாள்தோறும் தட்டுக்கு வரும் சாதாரணப் பறவைகள்தாம். அவற்றின் அலகு, வால் நீளம், நடை, சண்டை, குரல் எல்லாம் பழகிவிட்டால் வித்தியாசமான ஒன்று வரும் அன்று உங்கள் கண் தானாக நின்றுவிடும்.

உண்மையிலேயே இடம் மாறி வரும் பறவைகளுக்குக் காரணங்கள் உண்டு. வடக்குக் காடுகளில் விதை விளைச்சல் பொய்த்தால் ஃபிஞ்ச் இனங்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே இறங்கும். 2020-21 குளிர்காலத்தில் வட அமெரிக்காவில் பைன் சிஸ்கின் அப்படித்தான் பெருவெள்ளமாக வந்தது. புயல் சில பறவைகளைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் முறை வலசை போகும் இளம் பறவைகள் திசை பிறழும். சில வேளைகளில் அந்தப் பிறழ்வே புதிய வழக்கமாகிவிடும். மத்திய ஐரோப்பாவில் கூடு கட்டும் பிளாக்கேப் பறவைகள் குளிர்காலத்தில் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போவது வழக்கம்; ஒரு பகுதி வடமேற்கே பிரிட்டனுக்குப் போய்த் தோட்டத் தீனித்தட்டுகளை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கத் தொடங்கியது. ஜெர்மன் பறவையியலாளர் பீட்டர் பெர்த்தோல்டும் அவர் குழுவினரும் பிரிட்டனில் குளிர்காலம் கழித்த பறவைகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து குஞ்சு பொரிக்க வைத்தபோது, பிரிட்டனையே பார்த்திராத குஞ்சுகளும் அதே திசையை நோக்கின. வலசைத் திசை மரபணுவில் கடத்தப்படுகிறது என்பதை 1992-இல் வெளியிட்டார்கள். கள்ளிப்புறா பிரிட்டனில் முதன்முதலாகக் கூடு கட்டியது 1955-இல். அன்று அதைக் காணப் பயணம் செய்து வந்தவர்கள் உண்டு. இன்று அங்கே அது தோட்டத்துச் சாதாரணப் பறவை.

கூண்டிலிருந்து தப்பியதா என்ற கேள்வியும் நியாயமானதே. சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத இனம், மனிதரைக் கண்டு அஞ்சாமை, கம்பியில் உரசித் தேய்ந்த வால் நுனி, அளவுக்கு மீறி வளர்ந்த நகம் ஆகியவை சேர்ந்து வந்தால் கூண்டை நினைக்கலாம். காலில் வளையம் இருப்பது மட்டும் போதிய சான்று ஆகாது. 1899-இல் டென்மார்க்கின் வைபோர்க் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் ஸ்டார்லிங்குகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையம் பூட்டியதிலிருந்து, காட்டுப் பறவைகளும் வளையத்தோடு திரிகின்றன. வளையம் தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். நாம் இன்று இயல்பென்று எண்ணும் பறவைக்கும் கூண்டு வரலாறு இருக்கலாம்: கிழக்கு அமெரிக்காவின் ஹவுஸ் ஃபிஞ்ச் கூட்டங்கள் 1940-இல் நியூயார்க் பகுதியில் வணிகர்கள் திறந்துவிட்ட கூண்டுப் பறவைகளின் வழித்தோன்றல்கள். உங்கள் வெள்ளைத்தலைச் சிட்டு காட்டுக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, அதே எச்சரிக்கையோடு பறப்பதால், கூண்டுக் கதைக்கு எந்தச் சான்றும் எனக்குத் தென்படவில்லை.

செயலிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் போன்றவை தொடக்கநிலையினருக்குப் பெரிய வரம். ஆனால் அவை கற்ற படங்களில் இயல்பான நிறத்துப் பறவைகளே மிகுதி. வெளுத்த தலையைக் காட்டினால் வெள்ளைத் தலையுள்ள இனத்தைத்தான் தேடிக் கொடுக்கும். இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுங்கள். சொன்ன பெயரை விடையாகக் கொள்ளாமல், சோதிக்க வேண்டிய ஓர் ஊகமாகக் கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது பெயராக அது காட்டுவதையும் படியுங்கள். பல முறை உண்மை அங்கே ஒளிந்திருக்கும்.

அடுத்த முறை புதியது ஒன்று வந்தால் கேமராவைத் தேடி உள்ளே ஓடாதீர்கள். அசையாமல் நின்று அரை நிமிடம் பாருங்கள். முதலில் அலகு: விதையை உடைக்கும் தடித்த அலகா, பூச்சி பிடிக்கும் மெல்லிய அலகா, நீண்டு வளைந்ததா. அலகு மட்டுமே பெரும்பாலான குடும்பங்களை விலக்கிவிடும். பிறகு பக்கத்தில் உள்ள தெரிந்த பறவையோடு ஒப்பிட்ட அளவு, வாலின் நீளமும் முனையும், நடை, தின்னும் விதம். அதன் பின்னரே நிறம். அதிலும் புருவக்கோடு, இறக்கைப் பட்டை, பறக்கும்போது முதுகின் கீழ்ப்பகுதி, வாலின் வெளி இறகுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பறவை போனதும் கையேட்டைத் திறக்கும் முன்பே எழுதுங்கள், கோணலாக இருந்தாலும் ஒரு படம் வரையுங்கள். கையேட்டைப் பார்த்துவிட்டு எழுதினால் கண் காணாததையும் மனம் சேர்த்துவிடும். நேர்மையானவர்களுக்கும் இது நேர்வதைக் கண்டிருக்கிறேன். காணாததைக் "காணவில்லை" என்றே எழுதுங்கள். "கால் நிறம் பார்க்கவில்லை" என்ற ஒரு வரி சரிபார்ப்பவரிடம் மற்ற வரிகள் மேல் நம்பிக்கையை வளர்க்கும். படம் எடுக்க முடிந்தால் தெரிந்த பறவையும் ஒரே சட்டத்தில் வரும்படி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நடையைக் காட்டும் சிறு காணொளி ஒன்று. நிறத் திருத்தம் எதுவும் செய்யாத மூலப் படத்தையே அனுப்புங்கள்.

பதிவு செய்ய, 2002-இல் தொடங்கி இன்று உலகம் முழுவதும் இயங்கும் இ-பேர்டு என்னும் பறவைப் பதிவு இணையதளம் இருக்கிறது. உங்கள் பறவையைச் சிட்டுக்குருவி என்றே பதிவிட்டு, குறிப்பில் வெள்ளைத் தலை என்று சேர்த்து, படத்தை இணைத்தால் போதும். உண்மையிலேயே அரிய இனம் ஒன்று வந்தால், வீட்டு முகவரியை வெளியிடும் முன் அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். பறவைக்கும் அவர்களுக்கும் கூட்டம் தொல்லையாகிவிடும்.

இன்னொரு நல்ல வாய்ப்பும் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தீனித்தட்டில் எண்ணும்போது பெரிய இடர், ஒரே பறவை திரும்பத் திரும்ப வருவது. பிரிட்டனில் ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1979 முதல் நடத்தும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில், ஒரு மணி நேரத்தில் ஒரே கணத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொல்வது இதனால்தான். வளையமிட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கின் மறுபக்கமும் தெரியும்: ஒரு நாளில் தட்டுக்கு வந்துபோகும் தனிப் பறவைகள், ஒரே கணத்தில் நாம் காண்பதைவிட மிக அதிகம். உங்கள் வெள்ளைத்தலைச் சிட்டு, யாரும் பிடிக்காமலேயே அடையாளம் பூண்ட பறவை. அது வரும் நேரம், தங்கும் நிமிடங்கள், எந்தப் பெண்ணோடு வருகிறது, எந்தப் பொந்துக்குப் போகிறது என்று எழுதிவையுங்கள். மெலனின் இல்லாத இறகு விரைவில் தேயும். வெள்ளை, வேட்டைப் பறவையின் கண்ணிலும் படும். அதனால் ஒருநாள் அது வராமலும் போகலாம். அந்தத் தேதியையும் எழுதுங்கள்.

லூசிசமா, படிப்படியாக வெளுப்பதா என்ற ஐயத்துக்கு இப்போது வருகிறேன். வளர்ந்த சிட்டுக்குருவி ஆண்டுக்கு ஒரு முறை, கூடு கட்டும் பருவம் முடிந்ததும், எல்லா இறகுகளையும் மாற்றிவிடும். அதற்கு முன் இடப்பக்கம், வலப்பக்கம், முதுகு என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். புதிய இறகுகள் முளைத்து முடிந்தபின் அதே மூன்று கோணத்தில் மீண்டும் எடுங்கள். வெள்ளை அதே எல்லையில் நின்றிருந்தால் லூசிசம் என்று சொல்லும் துணிவு எனக்கு வரும். மார்பில் எஞ்சியிருக்கும் அந்தக் கறுப்புத் திட்டும் வெளுத்து, முதுகில் புதிதாக வெள்ளை இறகுகள் சிதறலாகத் தெரிந்தால் மற்றது. இரண்டு தொகுப்புப் படங்களையும் இங்கேயே இணைத்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.